கணக்கெடுப்பில் எங்கள் வீடு

எல் ஒபெய்த்
12 மார்ச் 1990

அன்புள்ள அலவியா அக்காவுக்கு,

உன் தங்கை இஹ்சான் எழுதுவது. இறைவன் உன்னையும் என் மகள் ரவ்தாவையும் நலமாக வைத்திருக்கட்டும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்பராவில் ரொட்டிக்கு இன்னும் விடியற்காலையிலேயே வரிசை நிற்கிறார்களா?

இரண்டு நாள் ரயில், ஒரு நாள் லாரி. தலைமுடிக்குள் இன்னும் மணல் இருக்கிறது. எங்கள் குழுவில் நான்கு பெண்கள், ஒரு ஜீப், ஒரு ஓட்டுநர். இங்கிருந்து கிராமம் கிராமமாகப் போக வேண்டும். வீட்டில் எத்தனை பேர், எத்தனை பிள்ளை பெற்றாய், எத்தனை உயிரோடு இருக்கிறது என்று தொடங்கி, கடைசிப் பக்கத்தில் அந்தக் கேள்விகள். உனக்குச் சுத்தம் செய்தார்களா? எந்த முறை, லேசாகக் கீறியதா, உறுப்பை அறுத்துத் தைத்து மூடியதா? மகளுக்குச் செய்தாயிற்றா? இந்த வழக்கம் தொடர வேண்டுமா, நிறுத்த வேண்டுமா? தாளில் யார் பெயரும் எழுதுவதில்லை. என்ன பதில் வந்தாலும் நாங்கள் முகம் மாறக் கூடாது. எதிர்வார்த்தை பேசக் கூடாது. அதுதான் பயிற்சியில் முதல் விதி.

முதல் வீட்டிலேயே ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏம்மா, கார்த்தூம்ல இருக்கறவங்களுக்கு வேற வேலையே இல்லையா? என் பாவாடைக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுதான் சர்க்கரை விலையைக் குறைக்கப் போறாங்களா?" நாங்கள் நால்வரும் ஜீப்புக்கு வந்துதான் சிரித்தோம்.

அக்கா, ரவ்தாவுக்கு ஏழு வயது ஆகிவிட்டது. புறப்படும்போது ரயில் நிலையத்தில் நீ கொடுத்த வாக்கை நான் மறுபடி கேட்கவில்லை. நினைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

உன்
இஹ்சான்


அத்பரா
30 மார்ச் 1990

என் இஹ்சானுக்கு,

உன் கடிதம் நோன்பின் முதல் நாளில் வந்தது. நானும் பிள்ளையும் சுகம். முழங்கால் என்னோடுதான் இருக்கிறது, எங்கே போகும்? நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. மற்றவர் வீட்டு வாசலில் நோன்போடு நின்று மயங்கி விழாதே.

ரவ்தா தானும் நோன்பு இருப்பேன் என்று அடம் பிடித்தாள். மத்தியானம் வரை இருந்தாள். அப்புறம் நான் தைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் கிஸ்ரா ரொட்டியைத் திருடித் தின்றுவிட்டு, "பெரியம்மா, வாசனைதான் பார்த்தேன்" என்றாள். வாயெல்லாம் குழம்பு.

பள்ளிக்கூடத்தில் ஒரு சின்ன விஷயம். எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். யாரோ ஒரு பெண் இவளை "கல்ஃபா" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து, "பெரியம்மா, கல்ஃபான்னா என்ன?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டுப் புஸைனா அப்போது இங்கேதான் துணி அளவு கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் வாய் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்: "சுத்தம் பண்ணாதவன்னு அர்த்தம்டி கண்ணு. உன் அம்மா ஊர் ஊராப் போய் அதைத்தானே எண்ணிக்கிட்டு இருக்கா!"

அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு அவளை வெளியே போகச் சொன்னேன். துணியை வைத்துவிட்டுப் போனாள்.

உன்னைப் பெற்றவள் போனபின் உன்னை வளர்த்தவள் நான். என்னிடம் வாக்கைப் பற்றி நினைவுபடுத்த வேண்டியதில்லை.

அக்கா
அலவியா


நஹூத் அருகே
20 ஏப்ரல் 1990

அன்புள்ள அக்காவுக்கு,

சலாம். பெருநாளுக்கு உன் கையால் சுட்ட பிஸ்கட் இல்லாமல் இருக்கப்போகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, உதடு மட்டும் வெடித்திருக்கிறது. நீங்கள் இருவரும் சுகம்தானே?

நேற்று கல்தூம் என்ற பெண்ணிடம் பேசினேன். என் வயதுதான் இருக்கும். ஐந்து பிரசவம், இரண்டு பிள்ளைகள் உயிரோடு. மற்ற மூன்றும் பிறப்பு வாசலில் அடைபட்டு மூச்சு முட்டிச் செத்தவை. தையல் போட்டு மூடிய இடம் திறக்கவில்லை. அவளே விரலால் காட்டிச் சொன்னாள். இவ்வளவும் சொன்னவளிடம் கடைசிக் கேள்வியைக் கேட்டேன்.

"தொடரணும்" என்றாள்.

விதியை மறந்து, "ஏன்?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏனா? நீ பட்டணத்துக்காரி. உன் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகலைன்னா டீச்சர் ஆவா. என் பொண்ணு என்ன ஆவா?"

நான் கட்டத்தில் '1' என்று போட்டு, நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். அந்த ஊரில் அறுபது பேரைக் கேட்டோம். ஐம்பத்து நான்கு பேர் '1'.

எனக்கு உன் நான்காவது பிரசவம் நினைவுக்கு வந்தது. எனக்கு அப்போது பத்து வயது. கொல்லையில் அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தேன். உள்ளே நீ கத்துவது நின்றுபோனது. குழந்தை அழப்போகிறது என்று காத்திருந்தேன். அழவில்லை. மறு வருடம் மச்சான் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு போர்ட் சூடான் போனார். அந்தப் பிரசவ நாளிலேயே நான் முடிவு செய்துவிட்டேன், எனக்கு மகள் பிறந்தால் அவளைத் தொடவிட மாட்டேன் என்று.

பள்ளியில் ஒருத்தி சொன்ன சொல்லால் ரவ்தாவுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. விடுமுறை முடிந்ததும் வேறு பள்ளியில் சேர்ப்போம். அவளை மிகவும் கேட்டதாகச் சொல்.

இஹ்சான்


அத்பரா
9 மே 1990

என் இஹ்சானுக்கு,

நலமாக இரு. பெருநாள் போயிற்று. ரவ்தாவுக்குப் பச்சைக் கவுன் தைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போனவள் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

ஒரு சொல்தானே என்று எழுதியிருக்கிறாய். நீ தூரத்தில் இருக்கிறாய். இங்கே அது ஒரு சொல் இல்லை. நொண்டி விளையாட்டில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள். அவள் குடித்த குவளையைக் கழுவிவிட்டுக் குடிக்கிறார்கள். புஸைனாவின் இரட்டைப் பெண்கள் ஹதீலுக்கும் ஹனாதிக்கும் அடுத்த மாதம் செய்யப் போகிறார்கள். தெருவெல்லாம் அதே பேச்சு. கைக்கு மருதாணி, பொன் காப்பு, சின்ன மணப்பெண் மாதிரி பட்டு. ரவ்தா அவர்கள் வீட்டு வாசலில் நின்று காப்பைப் பார்த்துவிட்டு வருகிறாள்.

நேற்று தலை பின்னிக்கொண்டிருந்தேன். "பெரியம்மா, எனக்கு எப்போ?" என்றாள்.

"உனக்கு வேண்டாம்டா. வலிக்கும்."

"ஹதீலுக்கும் ஹனாதிக்கும் வலிக்காதா? எனக்கு மட்டும் ஏன் வேண்டாம்? நான் கெட்ட பொண்ணா?"

நான் என்ன சொல்ல வேண்டும், சொல்.

லிபியாவில் இருக்கும் உன் கணவர் முத்தஸிமுக்கு எழுதிக் கேட்டேன். ஆண்பிள்ளை ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதைத் தெருவில் எல்லோருக்கும் படித்துக் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். பதில் வந்தது. 'இதெல்லாம் பெண்கள் விஷயம், நான் தலையிடுவதில்லை, பிள்ளைக்கு நாளைக்கு நல்ல இடம் அமைய வேண்டும், உங்களுக்குத் தெரியாததா' என்று மூன்று வரி. நான்காவது வரியில் லாரி எஞ்சின் பற்றி.

ஒரே வாரம் விடுப்புச் சொல்லிவிட்டு வா. நீயே அவளிடம் பேசு. என் வாயால் முடியவில்லை.

அலவியா


பாரா
28 மே 1990

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதம் மூன்று ஊர் சுற்றி இப்போதுதான் கைக்கு வந்தது. வர முடியாது. ஜீப்பின் அச்சு உடைந்து ஒரு வாரம் போய்விட்டது. மழைக்கு முன் இன்னும் பதினொரு கிராமங்கள் இருக்கின்றன. ஒருத்தி போனால் குழுவே கலைந்துவிடும் என்கிறார் மேற்பார்வையாளர்.

ரவ்தாவைக் கூட்டிக்கொண்டு உடனே ரயில் ஏறு. ஒம்துர்மானில் என் தோழி நிஃமாத் வீட்டில் ஜூன் முழுவதும் இருங்கள். புஸைனா வீட்டு விசேஷம் முடியட்டும்.

முத்தஸிமை ஏன் கேட்டாய்? என்னைத் தவிர யாரையும் கேட்க வேண்டாம். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான்கு பிள்ளைகளை மண்ணில் வைத்த நீயே தடுமாறினால் நான் இந்த வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குவது எதற்கு? அந்த வீட்டில் நீ இருக்கிறாய் என்பதால்தான் பிள்ளையை விட்டுவிட்டு வந்தேன்.

இஹ்சான்


அத்பரா
27 ஜூன் 1990

இஹ்சானுக்கு,

சலாம். எல்லோரும் சுகம். தியாகத் திருநாள் வருகிறது. வெயில் அதிகம். உன் மே மாதக் கடிதம் தாமதமாக வந்தது.

ரவ்தாவுக்குக் கொஞ்சம் காய்ச்சல் இருந்தது. இப்போது எழுந்து உட்காருகிறாள். அதனால்தான் இந்தக் கடிதத்தில் அவள் ஒன்றும் எழுதவில்லை. பேரீச்சம்பழம் ஒரு பொட்டலம் லாரிக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். நீ மழையில் நனையாதே.

அலவியா


எல் ஒபெய்த்
2 ஆகஸ்ட் 1990

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? எனக்குப் பயமாக இருக்கிறது. ஐந்தாறு வரியில் ஒரு கடிதம் நீ எனக்கு எழுதியதே இல்லை. என்ன காய்ச்சல்? எத்தனை நாள்? மருத்துவமனையில் காட்டினாயா? மலேரியாவாக இருந்தால் மருந்தை நடுவில் நிறுத்தாதே. ஒம்துர்மான் போனீர்களா இல்லையா என்று ஒரு வார்த்தை எழுதவில்லையே. ரவ்தாவை ஒரு படமாவது வரைந்து அனுப்பச் சொல்.

இங்கே பாதையெல்லாம் சேறு. லாரி ஓடவில்லை. கள வேலை முடிந்தது. தாள்களைச் சரிபார்த்து எண் போடும் வேலைக்காக என்னைக் கார்த்தூம் அலுவலகத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். வழி திறந்ததும் போவேன். அங்கிருந்து அத்பரா ஒரு நாள் தூரம்தான்.

உடனே எழுது.

இஹ்சான்


அத்பரா
24 செப்டம்பர் 1990

என் இஹ்சானுக்கு,

இறைவன் உன்னையும் பிள்ளையையும் காக்கட்டும். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா?

ஆகஸ்ட் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஆனால் நீ இப்படி வருவாய் என்று நினைக்கவில்லை. காலை ரயிலில் இறங்கினாய். நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. பிள்ளையை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாய். திரும்பி வந்தபோது உன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கும் தைரியமும் இல்லை. அவளது துணியைப் பையில் திணித்தாய். அவள் வாசலில் என் ஆடையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாய். மாலை ரயிலுக்கு ஐந்து மணி நேரம் நிலையத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று புஸைனா சொன்னாள். வீட்டில் நிழல் இருந்தது.

ஒரு வார்த்தைகூட நீ பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யார் சொன்னார்கள் உனக்கு? புஸைனா எழுதினாளா?

அலவியா


கார்த்தூம்
11 அக்டோபர் 1990

அலவியாவுக்கு,

யாரும் சொல்லவில்லை. நீங்களே சொன்னீர்கள்.

அலுவலகத்தில் எனக்கு ஒரு மேசை, சிவப்புப் பென்சில். வடக்கிலிருந்து வந்த கட்டுகள் என் பங்கு. செப்டம்பர் பதினெட்டாம் தேதி அத்பரா கட்டைப் பிரித்தேன். ரயில்வே குடியிருப்பு. நம் ஊர்த் தாள் என்று ஆசையாகத்தான் படித்தேன். நம் தெருவில் யார் யார் என்ன சொன்னார்கள் என்று சிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஏழாவது தாள். வீட்டுத் தலைவர்: பெண். வயது நாற்பத்து மூன்று. கணவர் பிரிந்து போனவர். தொழில்: தையல். பெற்றது நான்கு, உயிரோடு இருப்பது பூஜ்யம். வீட்டில் இருக்கும் மற்றவர்: ஒருவர், பெண், ஏழு வயது, தங்கை மகள்.

பெயர் இல்லாத தாள்தான். நான் ஊர் ஊராகப் போய் எத்தனை பெண்களிடம் சொன்னேன், இது யாரென்று யாருக்கும் தெரியாது என்று.

வீட்டுச் சிறுமிக்குச் செய்தாயிற்றா? ஆயிற்று. எப்போது? சென்ற மாதம். எந்த முறை? முழுதும் மூடியது. பின்பு தொந்தரவு உண்டா? ஒன்பது நாள் காய்ச்சல், இரண்டு நாள் நினைவில்லை. அந்த இரண்டு நாளைத்தான் எனக்குக் 'கொஞ்சம் காய்ச்சல்' என்று எழுதினீர்கள்.

கடைசிக் கேள்வி, தொடர வேண்டுமா, நிறுத்த வேண்டுமா. அதில் '2' என்று போட்டிருந்தது. நிறுத்த வேண்டும். அந்தக் கட்டு முழுவதிலும் ஐந்தாறு தாளில்தான் '2' இருந்தது. அதில் ஒன்று உங்களுடையது.

பக்கத்து மேசைப் பெண், "என்னக்கா, தப்பா எழுதியிருக்காங்களா?" என்று கேட்டாள். "இல்லை, சரியாத்தான் இருக்கு" என்றேன். எண் போட்டு அடுக்கில் வைத்தேன். பிறகுதான் ரயிலுக்குப் போனேன்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். பிள்ளைக்குச் செய்தது பொய்யா, தாளில் சொன்னது பொய்யா?

இஹ்சான்


அத்பரா
5 நவம்பர் 1990

என் இஹ்சானுக்கு,

நீ சலாம் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். உன்மீதும் ரவ்தாமீதும் அமைதி உண்டாகட்டும். உன் கடிதத்தில் அக்கா என்ற சொல்லைத் தேடினேன். இல்லை.

இரண்டும் உண்மை.

ஜூன் ஆறாம் தேதி. காலை எட்டு மணி இருக்கும். ரவ்தா தானாகவே எழுந்து குளித்து, பச்சைக் கவுனைப் போட்டுக்கொண்டு என்முன் வந்து நின்றாள். "நானும் ஹதீலோட போறேன்" என்றாள். மூன்று நாளாகச் சாப்பிடாமல் அடம். நான் யோசித்தேன். பேருக்கு லேசாகக் கீறிவிட்டால் தெருவின் வாய் அடையும், பிள்ளைக்கும் ஆபத்தில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மருத்துவச்சி சித்தானாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்: "சும்மா பேருக்கு. தையல் வேண்டாம்."

"சரி சரி" என்றாள். உள்ளே போனதும் கீறியதோடு அவள் கை நிற்கவில்லை. "என்ன பண்றே?" என்றேன். "பேருக்குப் பண்ண நான் எதுக்கு? நாளைக்குக் கல்யாணம் ஆனா அவ மாமியார் வீட்டுல யார் பேரை இழுப்பாங்க? உன் பேரையா, என் பேரையா?" என்றாள்.

கால்களைப் பிடித்திருந்தவள் நான். பிள்ளை உன்னைக் கூப்பிடவில்லை இஹ்சான். என்னைத்தான் கூப்பிட்டாள். "பெரியம்மா, போதும்னு சொல்லுங்க, போதும்னு சொல்லுங்க" என்றாள். நான் சொல்லவில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதே. வாசலில் பெண்கள் குலவையிட்டுக்கொண்டிருந்தார்கள். பாதியில் நிறுத்திய பிள்ளை என்று நாளைக்குச் சொல்வார்கள் என்று நினைத்தேனோ என்னவோ. அவ்வளவு அற்பமாகத்தான் இருந்திருக்கும்.

உன் கடிதம் ஐந்து நாள் கழித்து வந்தது. முன்னாலேயே வந்திருந்தால் ரயில் ஏறியிருப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

ஜூலையில் அந்தக் கணக்கெடுப்புப் பெண் வந்தாள். உன்னைப் போலவே பென்சிலை நெற்றியில் தட்டிக்கொண்டு கேட்டாள். பிள்ளை உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். 'நிறுத்தணுமா, தொடரணுமா, நீங்க என்ன நினைக்கிறீங்க?' என்றாள். நாற்பத்து மூன்று வருடத்தில் இதைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று யாருமே கேட்டதில்லை. என் அம்மா கேட்கவில்லை. என் புருஷன் கேட்கவில்லை. நீயும் வாக்குத்தான் கேட்டாய். அவள் கேட்டாள், சொன்னேன். வேறு யாரிடமும் சொல்ல எனக்கு இடமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மற்றவர்களின் பிள்ளைகளை எண்ண நீ போகும்போது உன் பிள்ளையை என்னிடம் விட்டுப் போனாய். அந்தத் தெருவில் ஒரு நாள் நின்று அவளுக்காக நீ பேசியதில்லை. தனியாக நின்றவள் நான். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

அவள் சாப்பிடுகிறாளா?

அக்கா
அலவியா


அத்பரா
30 டிசம்பர் 1990

என் இஹ்சானுக்கு,

சுகமாக இருக்கிறாயா? இரண்டு மாதமாகப் பதிலில்லை. ரவ்தாவுக்கு இரண்டு கம்பளிச் சட்டை அனுப்பியிருந்தேன். பொட்டலம் பிரிக்காமலே திரும்பி வந்தது. குளிர் அதிகமாக இருக்கிறது. அவளுக்கு மார்புச் சளி சீக்கிரம் பிடிக்கும்.

திட்டியாவது எழுது.

அலவியா


ஒம்துர்மான்
16 பிப்ரவரி 1991

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

ரவ்தா எழுதுகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் சுகமா? நான் சுகம். அம்மா சுகம். நிஃமாத் சித்தியும் அவர்கள் பூனையும் சுகம்.

அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். என் தோழி ஷாதியாவின் அப்பா ரயிலில் வேலை செய்கிறார். அவர் கொண்டுவந்து கொடுப்பார். நான் இப்போது மூன்றாம் வகுப்பு. கணக்கில் முதல். இங்கே யாரும் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை. முதல் நாளே ஒரு பெண் கேட்டாள், ஆயிற்று என்று சொன்னேன். உடனே பெஞ்சில் இடம் கொடுத்தாள். அம்மாவிடம் இதைச் சொன்னேன், சந்தோஷப்படுவாள் என்று. அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பெரியம்மா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இடைவேளை மணி அடித்ததும் நான்தான் முதலில் கழிப்பறைக்கு ஓடுகிறேன். ஆனால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. முடித்துவிட்டு வருவதற்குள் பாடம் தொடங்கிவிடுகிறது. டீச்சர் கதவுக்கு வெளியே நிற்கவைக்கிறார். விளையாடவே நேரம் இல்லை. காலையில் தண்ணீர் குடிக்காமல் போய்ப் பார்த்தேன், தலை சுற்றியது. அம்மாவிடம் கேட்டால் அழுகிறாள். அழுதுவிட்டு டாக்டரிடம் போகலாம் என்கிறாள். டாக்டர் மறுபடி கத்தி வைத்திருப்பார், அதனால் நான் வேண்டாம் என்றேன்.

உங்களுக்கும் இப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். நீங்கள் பள்ளிக்கூடம் போகும்போது என்ன செய்தீர்கள்? டீச்சரிடம் என்ன சொன்னீர்கள்? எத்தனை வயதில் சரியாகும்?

பதிலை ஷாதியாவின் அப்பாவிடமே கொடுங்கள். அவர் வியாழக்கிழமை வருவார்.

உங்கள்
ரவ்தா